உரிய வழியாக ஒரு கோல்

பொன்னரங்கா மோட்டார்ஸ் கால்பந்துக் கழகத்தில் ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதற்கு முன்னால் அவருக்குப் பிடித்த நிறம் என்ன என்று கேட்பார்கள். திட்ட மாட்டார்கள், கத்த மாட்டார்கள், மெமோ கிமோ எதுவும் கிடையாது. கோயம்புத்தூர்க்காரர்கள் அல்லவா, மரியாதைக்கு என்ன குறைச்சல்? நிறத்தைக் கேட்டுக்கொண்டு போய்ச் சென்னிமலையில் அந்த நிறத்தில் நல்லதாக ஒரு போர்வை எடுத்து வருவார்கள். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அதை அவர் தோளில் போர்த்திக் கைதட்டிப் போட்டோ எடுப்பார்கள். அப்புறம் போர்வை வந்த பிளாஸ்டிக் உறையை அவர் முன்னால் நீட்டுவார்கள். அடையாள அட்டை, விசில், குவார்ட்டர்ஸ் சாவி எல்லாவற்றையும் அந்த ஆள் தன் கையாலேயே அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

ஆகையால் திங்கட்கிழமை காலை பயிற்சி மைதானத்துக்கு ஆபீஸ் கிளார்க் நஞ்சப்பன் வந்து நின்றபோதே சாமுவேல் ஊதப்போன விசிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

"சார், கேக்கறனேன்னு தப்பா நெனைச்சுப்போடாதீங்க. உங்களுக்குப் புடிச்ச கலர் என்னங்க?"

"நீலமுங்க" என்று சொல்லிவிட்டார் சாமுவேல். சொன்ன பிறகுதான் எதற்குப் பதில் சொன்னோம் என்று உறைத்தது. கையிலிருந்த விசில் நழுவிப் புல்லில் விழுந்தது. நஞ்சப்பன் குனிந்து அதை எடுத்து, தன் வேட்டியில் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்துவிட்டுப் போனார்.

சாமுவேல் அந்தக் கழகத்தின் தாக்குதல் பயிற்சியாளர். எதிரணியின் கோலுக்குள் பந்தை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லித் தருவது அவர் வேலை. அணி ஒன்பது ஆட்டம் ஆடியிருந்தது. ஒரு கோல்கூட விழவில்லை. கோவை, திருப்பூர்ப் பக்கத்து நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகிற லீக்கில் பத்து அணிகளில் பத்தாவது இடம். இந்த இடத்துக்குக் கீழே போக வழியில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கோல் ஏன் விழவில்லை என்பது கம்பெனி கேண்டீனில் தட்டுக் கழுவுகிற சுப்பாத்தாளுக்குக்கூடத் தெரியும். சுற்றறிக்கை எண் பதினான்கு. 'எதிரணியின் கோல் பகுதிக்குள் நுழையும் பந்து யாவும் உரிய வழியாக, அதாவது கேப்டன் வழியாகவே, கோலை நோக்கிச் செல்ல வேண்டும்.' கேப்டன் கிருபாசங்கருக்கு வயது முப்பத்தாறு. பம்புசெட் செய்கிற பொன்னரங்கா மோட்டார்ஸ் முதலாளி அரங்கசாமியின் ஒரே மகன். பந்து வருகிற நேரத்தில் அவர் சாக்ஸை இழுத்து விட்டுக்கொண்டிருப்பார், இல்லையென்றால் பார்வையாளர் காலரியில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். பந்து அவர் காலில் பட்டு, கொஞ்சம் யோசித்து, எதிரணிக்காரனிடம் போய்விடும்.

இது சாமுவேலுக்குத் தெரியாதா? தெரியும். வாயைத் திறக்க முடியுமா? உடுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருஷம் விளையாட்டு ஆசிரியராக இருந்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதை உதறிவிட்டு இங்கே வந்தவர். கம்பெனிச் சுவருக்குப் பின்னால் குவார்ட்டர்ஸ் வீடு. மகள் நவ்யா கம்பெனி டிரஸ்ட் நடத்துகிற பள்ளியில் பிளஸ் டூ, பீஸ் இல்லாமல். மார்ச்சில் பரீட்சை. இப்போது டிசம்பர். மார்ச் வரைக்கும் இந்த வேலை நின்றால் போதும் என்பதைத் தவிர அவர் கர்த்தரிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

புதன்கிழமை நிர்வாகக் கூட்டம். கூட்ட அறைக்குள் போகும்போதே காவலாளி விறைத்து நின்று சல்யூட் அடித்தான். இத்தனை நாள் வண்டியை எடுத்து ஓரமாகப் போடச் சொன்னவன். உள்ளே சாமுவேலுக்கென்று துண்டு விரித்த நாற்காலி போட்டிருந்தார்கள். டீயோடு தட்டில் நான்கு பிஸ்கட் வந்தது. சாதாரணமாக இரண்டுதான் வரும். மேசையின் கோடியில், தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் நான்காக மடித்த நீலப் போர்வை இருந்தது. ஏசி காற்றில் உறையின் ஓரம் லேசாக அடித்துக்கொண்டே இருந்தது.

கழகத் தலைவரும் கௌரவத் தலைமைப் பயிற்சியாளருமான அரங்கசாமி எழுந்தார். எழுபது வயது, சலவை மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை.

"நம்ம சாமுவேல் சார் மேல நமக்கு முழு நம்பிக்கை இருக்குதுங்க. நம்பிக்கை இல்லாத ஆளு மேல நாம விசாரணையே வெக்கறதில்லீங்க. சும்மா அனுப்பிப்போடுவோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். சாமுவேலும் தட்டினார்.

அடுத்து நித்யஸ்ரீ. அரங்கசாமியின் மருமகள், கேப்டனின் மனைவி, கழகத்தின் தலைமைச் செயல் அதிகாரி, வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர். சுவரில் ஒரு படம் போட்டார்.

"ஒம்பது மேட்ச்சுல நாப்பத்தொரு தடவ பந்து கேப்டன் கைக்குப் போயிருக்குதுங்க, சாரி, காலுக்கு. நூத்துக்கு நூறு டெலிவரி. அதனால நம்ம தாக்குதல் ரொம்ப நல்லா இருக்குது. கோல் மட்டுந்தான் இல்லை. அது ஏன்னு ஒரு கமிட்டி போட்டுப் பாக்கணும். ஆய்வு வரம்புல மூணு விசயம் வராது. ஒண்ணு கேப்டன், ரெண்டு சுற்றறிக்கை, மூணு தலைவர். மத்தபடி கமிட்டிக்கு முழு சுதந்திரம்."

கேப்டன் போனிலிருந்து தலையைத் தூக்காமலே ஆமோதித்தார்.

தாக்குதல் பயிற்சியாளரை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று கமிட்டி சொல்ல வேண்டும். கமிட்டியில் யார் இருப்பது என்பதில்தான் சிக்கல். துணைத்தலைவர் தனக்கு முதுகுவலி என்றார். பொருளாளர், "ஒருத்தரு மூஞ்சிக்கு நேரா நீங்க சரியில்லீங்கன்னு எப்படிங்க சொல்றது? நாளைக்குக் கல்யாணங்காட்சியில பாத்துக்க வேண்டாமுங்களா?" என்றார். அது நியாயம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். போர்வையின் உறை மட்டும் சரசரத்தது.

"சாமுவேல் சாரைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்கறாருங்க" என்றார் அரங்கசாமி, முகம் மலர்ந்து. "சாமுவேல் சாரேதான். அவரே பாத்துச் சொல்லட்டும். அவருக்கு இல்லாத அக்கறை நமக்கு என்னங்க?"

இப்படியாக, சாமுவேல் வேலையில் இருக்கலாமா கூடாதா என்று விசாரிக்கும் ஒரு நபர் கமிட்டிக்குச் சாமுவேல் தலைவரானார். இரண்டு வாரத்தில் அறிக்கை தர வேண்டும். அதுவரை போர்வை அங்கேயே, மேசை மேலேயே இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

கமிட்டிக்குத் தனி அறை கொடுத்தார்கள். வாசலில் பெயர்ப்பலகை மாட்டினார்கள். விசாரணைக்கு ஆஜராகும்படி சாமுவேல் தமக்குத் தாமே கடிதம் எழுத வேண்டியிருந்தது. எழுதி, பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்தும் போட்டார். முதல் நாள் அவர் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்ததால், கமிட்டியைக் காக்க வைத்தது பற்றி ஏதாவது விளக்கம் பதிவு செய்யணுமா என்று நஞ்சப்பன் பணிவாகக் கேட்டார். பதிவு செய்தார்கள்.

சாட்சிகள் வந்தார்கள். கோல்கீப்பர், தான் நிற்கிற இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் சரியாகத் தெரிவதில்லை என்றான். தடுப்பாட்டக்காரன் ஒருவன், "நல்லா இருக்குதுங்க, எல்லாமே நல்லா இருக்குதுங்க" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு அழுகிற மாதிரி ஆகிவிட்டான். கடைசியில் தலைவர் தாமே ஒரு நிபுணரை அனுப்பிவைத்தார். கம்பெனிக்கு முப்பது வருஷமாக நீரோட்டம் பார்த்துச் சொல்கிறவர். பம்புசெட் கம்பெனியில் அவரை விடப் பெரிய நிபுணர் யார் இருக்கிறார்கள்? அவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு பயிற்சி மைதானத்தின் கோல் பகுதியில் செருப்பில்லாமல் நடந்தார். பெனால்டி அடிக்கிற புள்ளிக்கு வந்ததும் தேங்காய் நெட்டுக்குத்தலாக எழுந்து நின்றது.

"இங்க எண்ணூறு அடியில தண்ணி இருக்குதுங்க" என்றார். "கோல் இருக்கற மாதிரி தெரியலீங்க."

மறுநாளே போர்வெல் லாரி வந்துவிட்டது. இரண்டு நாள் மண் அதிர அதிர ஓட்டினார்கள். சாமுவேல் தம் அறையில் உட்கார்ந்து அறிக்கையின் முதல் வரியை எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தார், கண்ணாடி சன்னல் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. எழுநூற்று எழுபதாவது அடியில் தண்ணீர் பீறிட்டது. தலைவர் வந்து மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். பெனால்டி புள்ளியில் கம்பெனி மோட்டாரை இறக்கி, சுற்றி நாலு பக்கமும் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு மோட்டார் ரூம் கட்டினார்கள். அதற்கப்புறம் பயிற்சியில் பந்தை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மோட்டார் ரூமைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மீட்டர் போர்டில் பந்து படாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேரை நிறுத்தினார்கள். கமிட்டி இதுவரை கண்ட ஒரே முன்னேற்றம் என்று கூட்டக் குறிப்பில் இது ஏறியது.

அன்று சாயங்காலம் சாமுவேல் வீட்டுக்குப் போனபோது மனைவி அன்புச்செல்வி ஆஸ்பத்திரி யூனிபார்மைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ஏனுங்க, ஆரோ வந்து சன்னலையெல்லாம் அளந்துட்டுப் போறானுங்க."

"ஆரு?"

"டெய்லராமா. புதுசா வர்றவங்களுக்குத் தெரச்சீல தெக்கணுமாமா. எந்தப் புதுசுன்னு கேட்டேன். 'அவசரமில்லீங்கக்கா, நீங்க இருக்கற வரைக்கும் இருங்க'ன்னு சொல்லிப்போட்டுப் போறான். நவ்யா படிக்கற ரூமையும் அளந்துட்டான்."

சாமுவேல் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"கமிட்டியே நீங்கதானுங்க? அப்பறம் என்ன? சாமுவேல் தங்கமான மனுசன்னு எழுதிப்போடுங்க."

"அப்படி எழுதுனா ஒருதலப்பட்சம்னு சொல்லி அனுப்பிப்போடுவாங்க அம்மணி."

"சரியில்லைன்னு எழுதுனா?"

"நேர்மையான மனுசன்னு சொல்லிக் கைதட்டி அனுப்பிப்போடுவாங்க."

அன்புச்செல்வி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. உள் அறையில் நவ்யா வேதியியலைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். "மார்ச் வரைக்கும் எப்படியாச்சும் ஓட்டிப்போடுங்க" என்றாள் அன்புச்செல்வி மெதுவாக. "அதுக்கு நீங்க என்ன செஞ்சாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்." அந்த வார்த்தை சாமுவேலுக்குப் பயமாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்கிறவள்.

பத்தாவது ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, நகரத்து ஸ்டேடியத்தில், திருப்பூர்ப் பனியன் கம்பெனி அணியோடு. காலரி நிறைய ஆள். பொன்னரங்கா தொழிலாளர்கள்தான். அவர்கள் பிரியப்பட்டு வரவில்லை, வருகைப் பதிவேடு வைத்திருந்தார்கள். எப்போது கைதட்டுவது என்பதற்கு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சூப்பர்வைசர்.

இடைவேளை வரை கோல் இல்லை. வீரர்கள் எலுமிச்சை உப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது இடது ஓரம் ஆடுகிற அன்புமணி சாமுவேல் பக்கத்தில் வந்தான். வெள்ளகோவில்காரன், இருபத்து மூன்று வயது. கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற பிரிவில் தற்காலிக வேலை, தை மாதம் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்பா எண்ணெய் ஆலையில் மூட்டை தூக்கி முதுகு போனவர். வீடு இவன் சம்பளத்தை நம்பித்தான் இருந்தது.

"கோச் சார், ஒருக்கா நானே அடிச்சுப் பாக்கட்டுங்களா? இன்னிக்குப் பந்து நல்லா நிக்குதுங்க கால்ல. அவங்க கோல்கீப்பரு எடப்பக்கம் காலியா உடறானுங்க."

சாமுவேல் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. கேப்டனுக்கு யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து மைதானத்தில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த காலத்துக்குப் பிறகு, ஒரு ஆட்டக்காரன் இப்படிக் கேட்டு அவர் காதில் விழுந்ததே இல்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவில், கமிட்டி, போர்வை, சன்னல் அளவு எல்லாம் ஒரு நிமிஷம் மறந்தது. அவன் தோளில் கை வைத்தார்.

"அடி கண்ணு. என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

எழுபத்தெட்டாவது நிமிஷம். பந்து அன்புமணி காலுக்கு வந்தது. கோல் பகுதிக்குள் கேப்டன் இரண்டு கையையும் விரித்து, இங்கே கொடு என்று நின்றார். அன்புமணி அவரைப் பார்த்தான், ஒருவனைத் தாண்டினான், இடது காலால் அடித்தான். பந்து கோல்கீப்பரின் இடப்பக்கமாகப் போய் வலையைத் தூக்கியது.

சத்தமே இல்லை. இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்த காலரியில் ஒருவர் கைதட்டவில்லை. கைகள் பாதி எழுந்து அப்படியே நின்றன. தொழிலாளர்கள் சூப்பர்வைசர்களைப் பார்த்தார்கள், சூப்பர்வைசர்கள் மேனேஜரைப் பார்த்தார்கள், மேனேஜர் தலைவரைப் பார்த்தார். தலைவர் அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். டீ கேன் வைத்திருந்த வெளியாள் ஒருவர் மட்டும் விஷயம் தெரியாமல் ஒரு விசில் அடித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். மைதானத்தில் கேப்டன் இன்னும் இரண்டு கையையும் விரித்தபடியே நின்றார். அவருக்குப் பந்து வரவில்லை அல்லவா.

பொன்னரங்கா அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில் அன்புமணி தனி சீட்டில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவசரக் கூட்டம். இந்த முறை சாமுவேல் நாற்காலியில் புதுத் துண்டு விரித்திருந்தார்கள். டீ வெள்ளி டம்ளரில் வந்தது. பிஸ்கட்டை அவர் எண்ணவில்லை, எண்ணத் தைரியம் வரவில்லை. போர்வை மேசையின் கோடியிலிருந்து நடுவுக்கு வந்திருந்தது. வாசல் ஓரம் ஒரு ஸ்டூலில் அன்புமணியை உட்கார வைத்திருந்தார்கள். பாராட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, எடுத்து வரச் சொன்ன ஜெர்சியை மடியில் வைத்திருந்தான்.

"கோல் விழுந்தது சந்தோசந்தானுங்க" என்று தொடங்கினார் அரங்கசாமி. "சந்தோசமில்லைன்னு ஆரும் சொல்ல முடியாது. ஆனா உரிய வழியா விழுந்துச்சுங்களா? அதத்தான் யோசிக்கணும்."

நித்யஸ்ரீ சுவரில் படம் போட்டார். ஒன்பது ஆட்டம் நேர்கோடாகப் போய், பத்தாவதில் கோடு திடீரென்று எழும்பியிருந்தது. எழும்பிய இடத்தில் சிவப்பு வட்டம்.

"ஒம்பது மேட்ச் கட்டுப்பாடா இருந்தோமுங்க. ஒரு பாஸ் கூட முறை தவறலை. இங்கதான் கெட்டுப்போச்சு."

"ஒருத்தரு இல்லாமயே கோல் விழும்னு தெரிஞ்சுபோச்சுன்னு வெய்ங்க" என்றார் அரங்கசாமி. குரல் இறங்கியது. "நாளைக்குக் காயில் சுத்தற எடத்துல என்ன நெனைப்பாங்க? மொதலாளி இல்லாமயே மோட்டார் ஓடும்னு நெனைச்சுப்போடுவாங்க. ஓடும்னே வெய்ங்க. ஓடும்னு தெரியலாமுங்களா?"

கேப்டன் கிருபாசங்கர் முதல் தடவையாகப் போனைக் கீழே வைத்தார். "நான் கையக் காட்டுனனுங்க. ரெண்டு கையும் காட்டுனேன்" என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

அரங்கசாமி சாமுவேல் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார்.

"கமிட்டித் தலைவரே, நீங்க பக்கத்துல இருந்தவரு. இந்தத் தம்பியை அடிக்கச் சொல்லி ஆராச்சும் சொன்னாங்களாங்க?"

அன்புமணி ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் சாமுவேலைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் பயம் துளியும் இல்லை. சார் சொல்லிவிடுவார் என்று நிம்மதியாகப் பார்த்தான். அதுதான் சாமுவேலைக் கொன்றது. நவ்யாவின் அறைச் சன்னலை டேப் வைத்து அளந்தது ஞாபகம் வந்தது. மார்ச் என்ற சொல் ஞாபகம் வந்தது. வேறு எதுவும் ஞாபகம் வராமல் பார்த்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சு ஆரும் சொல்லலீங்க" என்றார்.

சொல்லி முடித்ததும் காது இரண்டும் சுட்டது. வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது. இந்த அறையில் இருக்கிற எல்லோரையும் விடத் தாம் கேவலமான மனிதர் என்று அவருக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது நேர்மையாகத் தெரிந்தது.

"பாத்தீங்களா, ஒருதலப்பட்சமே இல்லாத விசாரணை" என்று அரங்கசாமி மேசையைத் தட்டினார். "தாக்குதல் பயிற்சியாளரு இருக்கட்டுமுங்க. நான் நேத்தே முடிவு பண்ணிப்போட்டேன். ஒரு டீம்னா, தோக்கறதுக்கு ஒரு காரணம் வேணுமுங்க. காரணத்தையே வேலைய உட்டு அனுப்பிப்போட்டா, அடுத்த மேட்ச்சுக்கு ஆரைச் சொல்றது? சார் இருக்கற தைரியத்துலதான நாமெல்லாம் நிம்மதியாத் தோக்கறோம்?"

கை தட்டினார்கள். நீண்ட நேரம் தட்டினார்கள்.

"அப்பறம் போர்வைங்க" என்று நஞ்சப்பன் ஞாபகப்படுத்தினார்.

"வாங்கினதை வீணாக்கலாமுங்களா? தம்பி, இங்க வா கண்ணு" என்றார் அரங்கசாமி அன்பாக. "நேத்து நல்லா ஆடுனே. இனி நீ வேற எடத்துல இன்னும் நல்லா வரணும். கமிட்டித் தலைவரு கையாலயே போர்த்தட்டும்."

சாமுவேல் எழுந்தார். உறையைப் பிரித்தார். புதுத் துணியின் கஞ்சி வாடை அடித்தது. அன்புமணி அவரை விட ஒரு சாண் உயரம். போர்த்துவதற்கு எட்டாது என்று அவனே தலையைக் குனிந்து கொடுத்தான். போர்வை தோளில் விழுந்தபோது அவன் கண் அவர் கண்ணுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. அவன் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத் தேவலை. போட்டோ எடுத்தார்கள். நித்யஸ்ரீ உறையை நீட்ட, அன்புமணி அடையாள அட்டையையும் பதினோராம் நம்பர் ஜெர்சியையும் அதில் போட்டான். தற்காலிக வேலையின் கேட் பாஸையும் கேட்டார்கள். அதையும் போட்டான்.

"வரட்டுங்களா சார்" என்று சாமுவேலிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் படி இறங்குவதற்குள் மேசை மேலிருந்த எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் முணுமுணுத்தன. அணியின் வாட்ஸப் குழுவிலிருந்து அன்புமணி நீக்கப்பட்டிருந்தான். சாமுவேல் சன்னல் வழியாகப் பார்த்தார். பகல் பதினொரு மணி வெயிலில் தோளில் நீலப் போர்வையோடு அவன் கேட்டுக்குப் போனான். நேற்று வரை அவனோடு டீ குடித்த காவலாளி, "ஏனுங்க, ஆரைப் பாக்க வந்தீங்க?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கூட்டம் கலைந்தது. எல்லோரும் சாமுவேல் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நஞ்சப்பன் மட்டும் கமிட்டியின் பெயரில் ஆபீஸிலேயே அடித்து வைத்திருந்த அறிக்கையையும் மை நிரப்பிய பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"கொஞ்சம் கையெழுத்துப் போட்டுருங்க சார். கடைசிப் பக்கத்துல."

சாமுவேல் பேனாவை வாங்கினார்.

"நஞ்சப்பா, அந்தப் போர்வை எனக்குன்னு வாங்குனதுதான?"

"ஆமாங்க சார். தம்பிகிட்டக் கலர் கேக்க நேரமில்லாமப் போச்சு. உங்களுதையே குடுத்துப்போட்டோம். நீங்க வருத்தப்படாதீங்க. உங்களுக்கு வேற நெய்யச் சொல்லியிருக்குதுங்க. அதே நீலந்தான்."

சாமுவேல் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

"எப்ப வருமுங்க?"

"அவசரமே இல்லீங்க சார்" என்றார் நஞ்சப்பன், ஆறுதலாக. "மார்ச்சுக்குள்ள வந்துருமுங்க."

பெனால்டி புள்ளியில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நஞ்சப்பன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் சாமுவேல் கையெழுத்துப் போட்டார்.